தென்னைக்கு வைத்தியர்!

60 அடி உயரத்தில் ஆஸ்பத்திரி! அரிவாளும் கயிறுமே ஆயுதம்!

நமக்கு நோய் வந்தால் வைத்தியரைத் தேடிப் போகிறோம். மாட்டுக்கு நோய் வந்தால், கயிற்றைப் பிடித்து மாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போகலாம்.

தென்னை மரத்துக்கு நோய் வந்தால்?

மரம் நடக்காது. வைத்தியர்தான் மரத்தைத் தேடி வரவேண்டும். வந்தால் மட்டும் போதாது. 60 அடி உயரம் ஏறவும் வேண்டும். ஏனென்றால், தென்னையின் உயிர் அதன் தலையில் இருக்கிறது.

அப்படி ஏறி வைத்தியம் பார்க்கிறவர் யார்? தோளில் கயிறும் இடுப்பில் அரிவாளுமாகத் தெருவில் வருகிறாரே, அந்த மரம் ஏறும் தொழிலாளிதான்!

"தேங்காய் பறிக்கிறவர்" என்று ஊர் அவரைச் சொல்கிறது. ஆனால், காய் பறிப்பது அவர் வேலையில் பாதிதான். மரத்தைக் காப்பாற்றுவது மறு பாதி. அந்த மறு பாதி பலர் கண்ணில் படுவது இல்லை.

மலை அடிவாரத்தில்

திண்டுக்கல் மாவட்டத்தில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது, வத்தலக்குண்டு. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1884-ம் ஆண்டு பிறந்த ஊர்.

மஞ்சளாற்றுத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் பாயும் இடங்களில் தென்னந்தோப்புகள் உண்டு. ஊருக்குள் வீட்டுக் கொல்லையிலும் ஒன்று, இரண்டு மரம் நிற்கும். பக்கத்தில் உள்ள அய்யம்பாளையத்தின் பெயரால், "அய்யம்பாளையம் நெட்டை" என்று ஒரு தென்னை ரகமே இருக்கிறது.

நெட்டை என்றால் பெயருக்கு நெட்டை அல்ல. அண்ணாந்து பார்த்தால் தலைப்பாகை கீழே விழும்!

இந்த வட்டாரத்தில் மரம் ஏறிப் பிழைப்பவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. விடுமுறைச் சம்பளமும் கிடையாது. அவரே முதலாளி, அவரே தொழிலாளி. மரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சில வீடுகளில் கூலியோடு தேங்காயும் கொடுப்பார்கள். மழை பெய்தால் மரம் வழுக்கும். அன்று வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை.

முன்பெல்லாம் அவரைத் தேடி வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். இப்போது செல்போனில் கூப்பிடுகிறார்கள். "எங்கே இருக்கீங்க அண்ணே?" என்று கேட்டால், "மேலே இருக்கேன்!" என்று பதில் வரும்.

6 நாளில் கொடைக்கானல்

இவர் ஒரு நாளைக்கு எவ்வளவு உயரம் ஏறுகிறார்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு மரம் 50 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 20 மரம் ஏறினால் 1,000 அடி.

வத்தலக்குண்டு, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. இடையே உள்ள உயரம் 6,000 அடி.

அப்படியானால், மரம் ஏறுபவர் 6 நாளில் கொடைக்கானல் உயரத்துக்கு ஏறிவிடுகிறார். பஸ் இல்லை, டிக்கெட் இல்லை. குளிர் காற்றும் இல்லை! ஏறிய அவ்வளவு உயரத்தையும் இறங்கவும் வேண்டும்.

முதல் பாடம்

அவருடைய ஆயுதங்கள் மூன்று. ஒன்று, காலில் மாட்டும் தளைக் கயிறு. இரண்டு கால்களையும் இது சேர்த்துப் பிடிக்கும். தளை மரத்தை இறுக்கிக்கொண்டால் கால் வழுக்காது. இரண்டாவது, அரிவாள். மூன்றாவது, குலையைக் கட்டி இறக்கும் வடக் கயிறு. ஓட்டு வீட்டுப் பக்கத்தில் காயை வெட்டித் தள்ள முடியுமா? ஓடு தூள் ஆகிவிடும். குலையைக் கயிற்றில் கட்டி, குழந்தையை இறக்குவதுபோல் மெதுவாக இறக்கவேண்டும்.

புதிதாகத் தொழில் பழகுகிறவருக்குச் சொல்லும் முதல் பாடம் இது: "காய்ந்த மட்டையைப் பிடிக்காதே!"

பச்சை மட்டை ஆளைத் தாங்கும். காய்ந்த மட்டை, பிடித்தவரையும் கூட்டிக்கொண்டு கீழே வந்துவிடும்.

இன்னொரு பாடமும் உண்டு. அது மரியாதைப் பாடம். ஏறுமுன், "மரம் ஏறுறோம்!" என்று அக்கம் பக்கத்துக்குக் கேட்கும்படி குரல் கொடுக்கவேண்டும். மேலே போனால் நாலு வீட்டுக் கொல்லையும் தெரியும். கூரை இல்லாத குளியல் அறைகளும் இருக்கும். குரல் கொடுத்து, கொஞ்சம் பொறுத்து, பிறகுதான் ஏறுவார். நல்ல தொழிலாளிக்கு இது அழகு.

மரமே காலண்டர்!

உச்சிக்குப் போனதும் அவர் உடனே காயை வெட்டுவது இல்லை. முதலில் மரத்தைப் படிக்கிறார்!

நன்றாக வளர்ந்த தென்னை, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டை விடும். ஆண்டுக்குச் சுமார் 12 மட்டை. ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பாளை. பாளை வெடித்து, குரும்பை பிடித்து, காய் முற்ற ஏறத்தாழ 12 மாதம் ஆகும்.

ஆகவே, மரத்தின் கொண்டையில் ஓர் ஆண்டுக் காலண்டரே தொங்குகிறது! மேலே இருப்பது புதுப் பாளை. அதற்குக் கீழே குரும்பை. அதற்குக் கீழே இளநீர். எல்லாவற்றுக்கும் கீழே முற்றிய காய். அரிவாளின் பின்புறத்தால் தட்டிப் பார்த்து, ஓசையைக் கொண்டே காய் முற்றியதா என்று சொல்லிவிடுவார்.

விழுந்த மட்டைகளின் தழும்புகள் மரத்தின் உடம்பில் வளையம் வளையமாக இருக்கும். அவற்றை எண்ணினால் மரத்தின் வயதை ஒருவாறு சொல்லலாம். சில இடங்களில் மரம் இளைத்து, ஒடுங்கி இருக்கும். அது, மரம் தண்ணீர் இல்லாமல் தவித்த காலம். பஞ்ச காலத்தின் அடையாளத்தை அவர் காலாலேயே தடவிப் பார்க்கிறார்.

கை ராசி

இவ்வளவு தெரிந்தும் அவருக்குக் கெட்ட பெயர் வருவது உண்டு.

"போன தடவை ஏறினவர் 30 காய் போட்டார். நீங்க 12 காய்தான் போட்டிருக்கீங்க. உங்க கை ராசி சரியில்லை அண்ணே!" என்பார், வீட்டுக்கார அம்மாள்.

"என் கை ராசி இல்லை ஆத்தா. ரெண்டு வருஷத்துக்கு முந்தின மழை ராசி!" என்பார், இவர்.

இது வேடிக்கைப் பேச்சு அல்ல, உண்மை. தென்னம்பாளையின் கரு, மரத்துக்கு உள்ளே உருவாகி, காயாகி முற்ற 3 ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்று மழை பொய்த்தால், அதன் அடி 2, 3 ஆண்டுகள் வரை காய்ப்பில் தெரியும். மழை செய்த குற்றத்துக்கு மரம் ஏறியவர் ஏச்சு வாங்குகிறார்!

எலி செய்யும் குற்றமும் அவர் தலையில்தான் விழும். காம்புக்குப் பக்கத்தில் வட்டமாக ஓட்டை போட்டு, எலி இளநீரைக் குடித்துவிடும். வெறும் கூடு கீழே விழும். "மேலேயே உட்கார்ந்து குடிச்சிட்டீங்களா?" என்று கேட்பவர்களும் உண்டு. மரத்தைச் சுற்றித் தகரப் பட்டை அடித்தால் எலி ஏற முடியாது. தகரத்தில் அதன் நகம் வழுக்கிவிடும்.

ஒரே குருத்து

வேப்ப மரத்தின் கிளையை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். பட்டையில் காயம் பட்டாலும் நாளடைவில் மூடிக்கொள்ளும்.

தென்னை அப்படி அல்ல. அதற்குக் கிளை இல்லை. உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது செத்தால் மரம் செத்தது. தென்னையின் உடம்பில் பட்ட காயம் ஆறி மூடுவதும் இல்லை. 10 வயதில் வெட்டிய வெட்டு, 50 வயதிலும் அப்படியே இருக்கும்.

ஆகையால், ஏறுவதற்கு வசதி என்று மரத்தில் படி வெட்டக்கூடாது. துணி காயப்போடும் கொடி கட்ட ஆணி அடிக்கவும் கூடாது. அந்தக் காயத்தின் வழியாகத்தான் எமன் வருகிறான்!

இரண்டு வில்லன்கள்

முதல் வில்லன், காண்டாமிருக வண்டு. தலையில் ஒரு கொம்பு இருக்கும். இரவில் பறந்து வந்து, விரியாத குருத்தைத் துளைக்கும். பிறகு அந்த ஓலை விரியும்போது, கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் முக்கோணம் முக்கோணமாகத் தெரியும். கீழே இருப்பவர்கள், "ஓலை அழகாக விசிறிபோல் இருக்கிறதே!" என்பார்கள். மரம் ஏறுபவருக்குத் தெரியும், அது அழகு அல்ல, ஆபத்து என்று.

கொக்கி வைத்த இரும்புக் கம்பியைத் துளைக்குள் விட்டு, வண்டைக் குத்தி வெளியே இழுத்துப் போடுவார். பல்லைப் பிடுங்குவதுபோல நுணுக்கமான வேலை. கம்பி கொஞ்சம் தப்பினால் குருத்துக்கே சேதம். பிறகு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் இடுக்கில் போடுவார். வண்டு மீண்டும் வராமல் இருக்க இது உதவும்.

யாரையாவது திட்டவேண்டும் என்றால், "பன்னாடை" என்கிறோம். மரம் ஏறுபவர் அப்படித் திட்டமாட்டார். இளம் மட்டைகளைத் துணிபோல் சுற்றிக் காப்பது பன்னாடைதான். அது காய்ந்து, குப்பை சேர்ந்தால்தான் வண்டுக்கு மறைவிடம் ஆகும். காய்ந்த பன்னாடை, காய்ந்த மட்டை, பழைய பாளை எல்லாவற்றையும் அகற்றுவதற்குப் பெயர், கொண்டை சுத்தம் செய்தல்.

இரண்டாவது வில்லன், சிவப்புக் கூன் வண்டு. இது காயம் பட்ட இடத்தில் முட்டை இடும். காலில்லாத புழுக்கள் மரத்தின் உள்ளே தின்றுகொண்டே போகும். வெளியே மரம் ராஜாபோல் நிற்கும்; உள்ளே கூடாகிவிடும்! காண்டாமிருக வண்டு கதவைத் திறக்கும். கூன் வண்டு குடி வந்துவிடும்.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கிறாரே, அதுபோல அனுபவசாலி மரத்தில் காதை வைத்துக் கேட்பார். புழு மரத்தைக் கடிக்கும் 'கறுக் கறுக்' என்ற ஓசை கேட்கும். ஓட்டையில் பழுப்பு நிறச் சாறு வடியும். மென்று துப்பிய நார் தெரியும். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் மரத்தைக் காப்பாற்ற வழி உண்டு. எந்த மருந்து, எவ்வளவு என்று வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவேண்டும். கொண்டையே சாய்ந்த பிறகு பார்த்தால் பயன் இல்லை.

மூன்றாவதாக ஒரு புதிய வில்லனும் வந்திருக்கிறது. சுருள் வெள்ளை ஈ! இந்தியாவில் இது முதன்முதலாக 2016-ம் ஆண்டு பொள்ளாச்சியில் கண்டுபிடிக்கப்பட்டது. ஓலைக்கு அடியில் இருந்து சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் பிசுபிசுப்பில் கரும்பூசணம் படரும். அந்த மரத்தில் வெள்ளைச் சட்டையோடு ஏறினால், கருப்புச் சட்டையோடு இறங்கலாம். சாயம் போட்ட செலவு மிச்சம்!

திருடனால் கிடைத்த மருந்து

மழைக் காலத்தில் குருத்து அழுகல் நோய் வரும். நடுக்குருத்து வாடி, இழுத்தால் கையோடு வந்துவிடும். கெட்ட நாற்றம் வீசும்.

இதற்கு ஆபரேஷன்தான் வைத்தியம். அழுகிய பகுதி முழுவதையும் வெட்டி எடுத்து, சுத்தம் செய்து, அந்த இடத்தில் போர்டோ பசையைத் தடவவேண்டும். பிறகு மழைத் தண்ணீர் படாமல் மூடிவைக்கவேண்டும். புதுக் குருத்து வரும்வரை அந்த மூடி இருக்கும். இத்தனையும் 60 அடி உயரத்தில், ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு!

போர்டோ பசை என்பது மயில் துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த மருந்து. இது பிறந்த கதை வேடிக்கையானது.

பிரான்சு நாட்டில் போர்டோ என்ற ஊர் திராட்சைக்குப் பெயர் போனது. சாலையோரத் தோட்டங்களில் வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்றார்கள். அவர்களைப் பயமுறுத்த, தோட்டக்காரர்கள் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடிகளில் தெளித்தார்கள். நீல நிறத்தைப் பார்த்து, விஷம் என்று பயந்து திருடர்கள் ஓடினார்கள். கூடவே நோயும் ஓடிவிட்டது! மில்லார்டே என்ற பேராசிரியர் இதை 1882-ல் கவனித்தார். ஆராய்ச்சி செய்து 1885-ல் உலகத்துக்குச் சொன்னார்.

திராட்சைத் திருடனுக்கு வைத்த மருந்து, வத்தலக்குண்டுத் தென்னைக்கும் உதவுகிறது!

புல் பிடுங்கப் போனவன்

திருடன் என்றதும் நம் ஊர்க் கதை நினைவுக்கு வரும். தென்னை மரத்தில் ஏறியவனைத் தோட்டக்காரர் பிடித்தார். "ஏன் ஏறினாய்?" என்று கேட்டார். "புல் பிடுங்க!" என்றான். "தென்னை மரத்தில் புல் ஏது?" என்றார். "இல்லை என்று தெரிந்துதானே இறங்குகிறேன்!" என்றான்.

கதையைக் கேட்டு எல்லோரும் சிரிக்கலாம். மரம் ஏறுபவர் மட்டும் அரைச் சிரிப்பு சிரிப்பார். ஏன் தெரியுமா? பல ஆண்டு கொண்டை சுத்தம் செய்யாத மரத்தில், குப்பை மக்கி மண்ணாகி, சில சமயம் செடி முளைத்திருக்கும். பறவை போட்ட விதையில் ஆலங்கன்றுகூட வந்துவிடும்!

கீழே நிற்கும் மேஸ்திரிகள்

மேலே ஒருவர் வேலை செய்தால், கீழே நாலு பேர் யோசனை சொல்வார்கள்.

"இடது பக்கம் ஒரு குலை இருக்கு பாருப்பா!" என்பார், பெரியவர்.

"உங்க இடதா, என் இடதா ஐயா?"

"மரத்தோட இடது!"

மரம் சாய்ந்து, அடுத்த வீட்டுப் பக்கம் காய் தொங்கினால் கேட்கவே வேண்டாம். "நீயே நியாயம் சொல்லு" என்று இரண்டு வீட்டாரும் கேட்பார்கள். "கையிலே அரிவாள் இருக்கும்போது நியாயம் கேட்காதீங்க. இறங்கி, வச்சிட்டு வர்றேன்!" என்று நழுவிவிடுவார்.

கூலி பேசுவது தனிக் கச்சேரி. "அஞ்சு நிமிஷ வேலைக்கு இவ்வளவா?" என்று வீட்டுக்கார அம்மாள் வாயில் கை வைப்பார்.

"ஏறுறதுக்குக் காசே வேண்டாம் ஆத்தா. பத்திரமா இறங்குறதுக்கு மட்டும் குடுங்க!"

வழுக்கினால்…

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. ஒரு தடவை பிடி தவறினால் போதும். உயிர் தப்பினாலும், முதுகெலும்பு முறிந்து கால் அசையாமல் போகலாம். அதோடு ஒரு குடும்பத்தின் வருமானம் நின்றுவிடும்.

குளவிக் கூடு இன்னோர் ஆபத்து. நூறு குளவி கொட்டவரும்போது, கையை விட்டு விரட்ட முடியுமா? ஆகையால்தான் ஏறுமுன் நாலு பக்கமும் சுற்றி வந்து, அண்ணாந்து பார்ப்பார். அவர் சும்மா நிற்கிறார் என்று அவசரப்படுத்தக்கூடாது.

மின்சாரக் கம்பி அதைவிட ஆபத்து. கம்பிக்குப் பக்கத்தில் இரும்புக் குழாயிலோ அலுமினியக் குழாயிலோ தொரட்டி கட்டி இழுக்கவே கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே மரத்தில் கை வைக்கவேண்டும்.

யாராவது விழுந்துவிட்டால், பதறிப்போய்த் தூக்கி உட்கார வைக்காதீர்கள். முதுகெலும்பில் அடி பட்டிருந்தால், அது கேட்டைப் பெரிதாக்கிவிடும். அசைக்காமல் படுக்கவைத்து, 108-க்குப் போன் செய்யுங்கள்.

கீழே நிற்பவர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. "தேங்காய்க்குக் கண் உண்டு, ஆள் தலையில் விழாது" என்பார்கள். "கண் இருக்கு. ஆனா, அது மட்டைக்குள்ளே மூடி இருக்கே!" என்பார், அனுபவசாலி. 60 அடியில் இருந்து விழும் காய், தரையைத் தொடும்போது மணிக்கு 60 கிலோ மீட்டருக்கு மேல் வேகம் பிடித்துவிடும். பஸ் வேகம்!

குரங்கும் எந்திரமும்

மரம் ஏறும் ஆட்கள் குறைந்து வருகிறார்கள். "என்னோடு போகட்டும், பிள்ளை படித்து வேறு வேலைக்குப் போகட்டும்" என்று தகப்பன் நினைப்பதில் தப்பு என்ன?

தாய்லாந்து நாட்டில் குரங்குகளைப் பழக்கித் தேங்காய் பறிக்கிறார்கள். குரங்கு காயைத் திருகிப் போடும். ஆனால், வண்டை எடுக்குமா? அழுகிய குருத்தை அறுத்து மருந்து தடவுமா?

கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த விவசாயி எம். ஜே. ஜோசப், மரம் ஏற ஒரு கருவி செய்தார். மரத்தில் மாட்டி, நின்றபடியே கால் மாற்றிக் கால் வைத்து ஏறலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் "தென்னை மரங்களின் நண்பர்கள்" என்ற பயிற்சியைத் தொடங்கியது. கருவியில் ஏறவும், பூச்சி, நோயைக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பெண்களும் பயிற்சி பெற்று மரம் ஏறினார்கள். மரம் ஏறுபவர்களுக்காக "கேர சுரக்ஷா" என்ற விபத்து இன்சூரன்சும் வாரியம் கொண்டுவந்தது.

எந்திரம் ஆளை உச்சிக்குக் கொண்டுபோகும். உச்சியில் போய் என்ன பார்க்கவேண்டும் என்பது ஆளுக்குத்தான் தெரியவேண்டும்.

நீங்கள் செய்யவேண்டியது

உங்கள் வீட்டில் தென்னை இருக்கிறதா? அடுத்த தடவை மரம் ஏறுபவர் வந்தால், "எத்தனை காய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "குருத்து எப்படி இருக்கிறது? வண்டு துளை உண்டா? கொண்டை சுத்தமா?" என்றும் கேளுங்கள்.

கொண்டை சுத்தம் செய்வதற்குத் தனியாகக் கூலி கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். காய்க்கு மட்டும் கூலி கொடுத்தால், அவர் காயை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். மரம் போன பிறகு, புதுக் கன்று நட்டுக் காய் பார்க்க 5 ஆண்டு, 7 ஆண்டு காத்திருக்கவேண்டும். எது செலவு, எது மிச்சம் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

எருக்குழி இருந்தால் அடிக்கடி கிளறிவிடுங்கள். காண்டாமிருக வண்டின் புழு அங்கேதான் வளர்கிறது.

அவர் இறங்கி வந்ததும், முதல் இளநீரை அவருக்கே வெட்டிக் கொடுங்கள். எலி குடித்ததுபோக மிச்சம் இருந்தால்!